விரல் நீளத்தில் வெம்பும் சுக்கினி

கேள்வி: மொட்டைமாடியில் பத்து லிட்டர் பெயிண்ட் வாளிகளில் இரண்டு சுக்கினிச் செடிகள் (வெள்ளரி போல நீளக் காய் தரும் பூசணி வகை) வைத்திருக்கிறேன். பிஞ்சுகள் விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி, நுனியிலிருந்து வெம்பி விழுகின்றன. தப்பிப் பெரிதான இரண்டு காய்களும் நுனியில் கறுத்துக் குழிந்துவிட்டன. செடி வாங்கிய இடத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார்கள். ஒரு மாதமாக முட்டை ஓட்டுத் தூள் போடுகிறேன். மூன்று நாளைக்கு ஒருமுறை கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் ஊற்றுகிறேன். பக்கத்துச் சுரைக்கொடியில் ஆண் பூக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் மகரந்தத்தைத் தொட்டு வைக்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முட்டை ஓட்டை இன்றோடு நிறுத்துங்கள் அம்மா. உங்கள் செடியில் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரே மருந்தைப் போட்டிருக்கிறீர்கள். காய் எந்த அளவில் கெடுகிறது என்று பார்த்தாலே இரண்டும் பிரிந்துவிடும்.

விரல் நீளத்தில் வெம்புவது நோயே இல்லை, மகரந்தம் சேராததுதான். சுக்கினியின் பெண் பூ, மொட்டாக இருக்கும்போதே பின்னால் ஒரு குட்டிக் காயைச் சுமந்துகொண்டு வரும். அதைப் பார்த்துக் காய் பிடித்துவிட்டது என்று ஏமாறுகிறோம். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான்.

நானும் ஏமாந்தவன்தான். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் முதல் வருடம் ஏழெட்டுப் பிஞ்சுகள் இப்படியே போயின. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிவை ஊற்றிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் மழை தூறுகிறதே என்று விடியற்காலையில் துணி எடுக்க மாடிக்குப் போனால், உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கள் விரிந்து கிடக்கின்றன! நான் தினமும் வாளியோடு ஏறியது பத்து மணிக்கு. அதற்குள் அவை மூடிவிடும். தேனீ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மாடி உயரத்துக்கு, அதுவும் இரண்டே செடிகளுக்காக, அது ஏன் வரப்போகிறது?

ஆகவே அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். காலை ஆறிலிருந்து எட்டுக்குள், அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் நிற்கும் தண்டில் மஞ்சள் தூள் விரலில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால், பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடி முழுக்க மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வரும். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும்.

சுரைப்பூ உதவாது. சுரை வேறு இனம். போதாததற்கு அது மாலையில் மலர்வது, சுக்கினி விடியலில் மலர்வது. இரண்டும் சந்தித்துக்கொள்ளவே வழியில்லை. செடிகளை நான்காக்கினால் ஒரே நாளில் ஆணும் பெண்ணும் மலரும் வாய்ப்புக் கூடும். வெயில் ஏற ஏற ஆண் பூக்களே மிகும் என்பதால், அடுத்த முறை மழை ஓய்ந்து மார்கழிக் கடைசியில் விதையுங்கள்.

இனி, பெரிதான பின் நுனி கறுத்துக் குழிந்த காய். அது சுண்ணாம்புச் சத்து நுனி வரை போய்ச் சேராததால் வருவது. மண்ணில் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தச் சத்து நீரோடுதான் நகரும். வாளி மண் பகலில் காய்ந்து மாலையில் நனைந்தால், வருகிற கொஞ்சத்தையும் அகன்ற இலைகள் இழுத்துக்கொள்ளும். முட்டை ஓடோ கரையவே பல மாதம் எடுக்கும். வாளியை விட்டு இருபது லிட்டருக்குக் குறையாத பைக்கு மாறுங்கள். மண்மேல் காய்ந்த சருகையோ வைக்கோலையோ மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். அடித் துளையில் நீர் கசியும்வரை காலையில் ஊற்றுங்கள். மதியம் இலை தொங்கினால் பதறி ஊற்ற வேண்டாம், வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். அப்போதும் நிமிராவிட்டால் ஊற்றுங்கள். பிண்ணாக்கு நம் பக்கம் எளிதாகக் கிடைப்பதால் கை தாராளமாகிவிடுகிறது. அது இலையைத்தான் வளர்க்கும், நுனி அழுகலையும் கூட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும்.

கறுத்த காயை வீணாக்க வேண்டாம். நுனியை வெட்டிவிட்டு, மீதி கெட்டியாக இருந்தால் கூட்டு வைக்கலாம். வெட்டும்போது உள்ளே புழு நெளிந்தால் மட்டும் விஷயம் வேறு, அது பழ ஈயின் வேலை. அடுத்த பிஞ்சுகளுக்குப் பூ வாடியதுமே காகிதப் பை கட்டிவிடுங்கள்.

கேள்வி: போன வருடக் காயிலிருந்து எடுத்த விதையில் வந்த சுக்கினி வேம்பாகக் கசக்கிறது. வேகவைத்து நீரை இறுத்தால் சரியாகுமா?
– வாசகர், பாகூர்

பதில்: ஆகாது. அந்தக் கசப்பு நச்சு, கொதித்தாலும் போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அலங்காரப் பூசணியோடு மகரந்தம் கலந்த விதையில் இப்படி வருவதுண்டு. காயை உரக்குழியில் போடுங்கள், விதையை மறுபடி எடுத்து வைக்காதீர்கள்.