ஜன்னல் வெயில் விழும் இடத்தில் பியானோவை வைக்கலாமா?

வைக்காதீர்கள். நிறம் மங்கும் என்பது சின்னக் கவலைதான், பெரிய கவலை உள்ளே இருக்கிற ஒலிப்பலகை. தந்திகளின் அதிர்வை வாங்கி அறை முழுக்கக் கேட்க வைக்கும் மெல்லிய பலகை அது, பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம், கனம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான்.

மழைக்காலத்தில் வீட்டுக் கதவு உப்பிக்கொண்டு சாத்த வராதே, அதே மாதிரி இந்தப் பலகையும் ஈரக்காற்றில் உப்பி மேலே வளையும், அதன்மேல் அழுந்தி நிற்கும் 200-க்கும் மேற்பட்ட தந்திகள் இறுகி சுருதி ஏறும். வெயிலில் காய்ந்தால் பலகை சுருங்கி சுருதி இறங்கும், நாளடைவில் விரிசலும் விடலாம். தினமும் சுட்டு ஆறினால் எந்த ட்யூனிங்கும் நிற்காது.

ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் இதே கதைதான். உள்சுவர் ஓரம் நல்லது. ஈரப்பதம் 45 சதவீதம் பக்கம் இருந்தால் உத்தமம், கடலோர ஊர்களில் அது கனவு, அங்கே ஏறி இறங்காமல் இருந்தாலே பெரிய விஷயம்.

அப்புறம், துணி போட்டு மூடினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். துணி பாலிஷைத்தான் காப்பாற்றும், சூடும் ஈரமும் உள்ளே போகத்தான் செய்யும்.