பேனைக்குப் பொலிமர் களிமண் போர்த்துதல்: கேள்வி பதில்

கேள்வி (உப்புவெளி): எந்தப் பேனையை வாங்குவது அக்கா? களிமண் போர்த்தி ஓவனில் சுடும்போது உருகாதா?

பதில்: சில கூடுகள் உருகும், சில உருகா, விலையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. வாங்கியவற்றில் ஒன்றை எடுத்து, மைக்குழாயைக் குறடால் இழுத்துக் கழற்றிவிட்டு, வெறுங்கூட்டை மட்டும் 130 பாகை செல்சியசில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். வளையாவிட்டால் அந்த வகையை நம்பலாம். மைக்குழாயோடு ஒருபோதும் சுடாதீர்கள். மை சூட்டில் விரிந்து வழிந்து, களிமண்ணையும் தட்டையும் கறையாக்கிவிடும்.

கேள்வி (ஓர்ஸ்ஹில்): திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களின் தோல்போல ஒரு பேனை செய்ய விரும்புகிறேன். புள்ளிகளை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. வெள்ளைக் களிமண்ணை முதலில் பிசையுங்கள். கபிலத்தைத் தொட்ட கையால் வெள்ளையைத் தொட்டால் அது அழுக்காகிவிடும். வெள்ளையைப் பென்சில் பருமனில் திரியாக உருட்டி, அதன்மேல் கபிலத் தகட்டைச் சற்றுத் தடிப்பாகச் சுற்றி, துண்டுகளாக நறுக்கி, விறகுக்கட்டுப்போல ஒன்றாக அடுக்குங்கள். அந்தக் கட்டை நடுவிலிருந்து இரு முனைகளையும் நோக்கி மெல்ல அழுத்தி நீட்ட வேண்டும், 3 செ.மீ. பருமனும் 4 செ.மீ. நீளமும் கொண்ட கட்டு 1.5 செ.மீ. பருமனுக்கு ஒடுங்கும்போது 16 செ.மீ. நீளமாகிவிடும், உள்ளே இருக்கும் புள்ளிகளும் அதே அளவில் சிறுத்துவிடும். குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்தெடுத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டைக் கால் சுற்றுத் திருப்பியபடி கூரிய அலகால் மெல்லிய வில்லைகளாகச் சீவுங்கள்; திருப்பாமல் சீவினால் வட்டம் ஒரு பக்கம் சப்பிவிடும். வில்லைகளைக் கூட்டில் நெருக்கமாகப் பதித்து, வழுவழுப்பான ஓட்டின்மேல் உள்ளங்கையால் உருட்டினால், பொருத்துகள் மறைந்து புள்ளிகள் மட்டும் நிற்கும்.

கேள்வி (நிலாவெளி): எங்கள் ஊர் வெயிலே போதாதா? ஓவன் எதற்கு?

பதில்: போதாது. இது மண்ணன்று; பிவிசி என்னும் பிளாஸ்டிக்கின் துகள்களையும் அதை நெகிழ்விக்கும் திரவத்தையும் கலந்தது. உரிய சூட்டில்தான் அத்துகள்கள் ஒன்றோடொன்று உருகி இணையும்.

கேள்வி (மூதூர்): நான் தகரக் கூரையில் மூன்று நாள் வைத்தேன், கல்லாக இறுகிவிட்டது. நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை.

பதில்: நீங்கள் கண்டதை மறுக்கவில்லை அண்ணா, கல்லாக இறுகுவதும் வேகுவதும் ஒன்றல்ல என்றுதான் சொல்கிறேன். கை வைக்க முடியாதபடி தகரம் சுட்டாலும் அது களிமண் வேகத் தேவையான 110 பாகையை எட்டாது. அதே களிமண்ணில் ஒரு மெல்லிய பட்டியையும் அங்கே வைத்து, எடுத்தபின் விரல்களுக்கிடையே வளைத்துப் பாருங்கள். வெந்த பட்டி நாணல்போல வளைந்து மீளும். வேகாதது காய்ந்த பாண்துண்டுபோல உடைந்து உதிரும்.

கேள்வி (கிண்ணியா): எங்கள் பாண் போறணையில் சுடலாமா?

பதில்: கூடாது. பாண் வேகும் சூடு இதற்கு மிக அதிகம். கருகும் பிவிசியிலிருந்து ஐதரசன் குளோரைட்டு வாயு எழும், அது கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும். உண்ணும் பண்டம் வேகும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

கேள்வி (தம்பலகாமம்): எத்தனை பாகை, எவ்வளவு நேரம்?

பதில்: பொதியில் எழுதியிருப்பதே சரி. ஃபிமோ என்ற பெயரில் விற்கும் களிமண்ணுக்கு 110 பாகை, 30 நிமிடம். தனியான வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். ஓவனின் திருகு காட்டும் எண் பல வேளைகளில் பிழையாகவே இருக்கும்.

கேள்வி (சீனக்குடா): மைக்குழாய் உள்ளே இருந்தால் பரவாயில்லையா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (உப்புவெளி): நகப்பூச்சு பூசி மினுக்கலாமா?

பதில்: வேண்டாம், அதன் கரைப்பான் களிமண்ணை இளக்கிப் பிசுபிசுக்கச் செய்யும். 400, 600, 1000 என்று எண்ணிட்ட மணல்தாள்களை மாற்றி நீருக்குள் தேய்த்து, பருத்தித் துணியால் துடையுங்கள்.

கேள்வி (மூதூர்): பட்டி உடைந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். கூரையில் வைத்த நான்கு பேனைகளையும் எறிய வேண்டியதுதானா?

பதில்: எறியாதீர்கள் அண்ணா. குறைவாக வெந்த களிமண்ணை மறுபடி உரிய சூட்டில் வைத்தால் பெரும்பாலும் இணைந்துவிடும். மடித்த தாளின் பள்ளத்தில் கிடத்தி, மேலே அலுமினியத் தாளைக் கூடாரமாக மூடி, அரை மணி நேரம் வையுங்கள். மைக்குழாய்களைக் கழற்றிய பிறகு.