கமாம்பேர் சீஸின் வெள்ளைத் தோலை வெட்டி எறிய வேண்டுமா?

வேண்டாம். கமாம்பேர் பிரான்சின் மென்மையான சீஸ். பெட்டியைத் திறந்ததும் பூஞ்சணம் பிடித்துவிட்டதென்று பயந்துதான் கேட்டிருப்பீர்கள். பூஞ்சணம்தான், ஆனால் வேண்டுமென்றே வளர்த்தது. அது வெளியிலிருந்து உள்நோக்கி வேலை செய்வதால்தான் சீஸ் நடுவரை இளகி வெண்ணெய் போலாகிறது.

பாரிசில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவச் சேர்ந்த மூன்றாம் வாரம், ஆள் குறைவென்று என்னைச் சீஸ் தட்டு அடுக்கச் சொன்னார்கள். தலைமைச் சமையல்காரர் தோலைக் காட்டி "குரூத், குரூத்" என்று கத்தினார். குரூத் என்றால் தோல். தோல் கவனம் என்றிருக்கிறார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான். தோலைக் காட்டிக் கத்தினால் எடுக்கச் சொல்கிறார் என்றுதானே எவரும் நினைப்பார்? ஆறு கமாம்பேரையும் உருளைக்கிழங்கு போலச் சீவிவிட்டேன். காய்ச்சாத பாலை உறையவைத்து, அகப்பையால் ஐந்து தடவையாவது அச்சில் அள்ளி ஊற்றி, மூன்று வாரமாவது முதிரவைத்த, பிரான்சின் நோர்மாந்திப் பகுதி அசல் சரக்கு, மேசையில் கஞ்சியாக வழிந்தது. அவர் ஏசவில்லை. சீவிய தோலையெல்லாம் ஒரு தட்டில் போட்டு, பாண் துண்டோடு என் முன்னே தள்ளினார். குசினியே பார்த்திருக்கத் தின்று முடித்தேன். காளான் மணம். மோசமில்லை.

மொழி படித்திருக்கலாமே என்பீர்கள். இலவச வகுப்பு மாலை ஆறு மணிக்கு. எங்கள் வேலை தொடங்குவதும் ஆறு மணிக்கு. காலை வகுப்புக்கு இரண்டு தடவை கேட்டேன், இடமில்லை என்றார்கள். பிறகு ஓர் அலுவலகத்தில், "இத்தனை ஆண்டாகியும் எழுதத் தெரியாதா?" என்று கேட்டார்கள். சரி, விடுங்கள்.

சாப்பிட ஒரு மணி நேரம் முன்பே குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துவையுங்கள். பாணும் ஆப்பிளும் போதும். சூடாக வேண்டுமென்றால் சுற்றியுள்ள தாளைக் கழற்றிவிட்டு, மரப்பெட்டியின் அடிப்பாகத்திலேயே திரும்ப வைத்து, மேலே கீறி, பூண்டுச் சீவலைச் செருகி, ஓவனில் 180 பாகை செல்சியஸில் கால் மணி நேரம். தோல்தான் அப்போது கிண்ணம். அதை வெட்டினால் என் மேசையின் கதிதான்.

தோல் பிடிக்காதவர்கள் தட்டில் ஒதுக்கட்டும். பிரெஞ்சுக்காரரிலும் ஒதுக்குபவர்கள் உண்டு, என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். கர்ப்பிணிகள் காய்ச்சாத பால் சீஸைத் தொடவேண்டாம், லிஸ்டீரியா கிருமி ஆபத்து. சைவர்களுக்கும் ஒன்று: அசல் நோர்மாந்தி வகையை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள்.

தோல் கொஞ்சம் பழுப்பேறினால் பரவாயில்லை. அம்மோனியா நெடி மூக்கைப் பிடுங்கினால் எறிந்துவிடுங்கள், அதை நானே தின்னமாட்டேன்.