ரெவிட்டில் (கட்டட மாடல் செய்யும் மென்பொருள்) குழாய் காணாமல் போனால்: கேள்வி பதில்

கழிவுநீர்க் குழாய் ப்ளான் வியூவில் (மேலிருந்து பார்க்கும் தளப்படத்தில்) பாதியோடு நின்றுவிடுகிறது. த்ரீடியில் முழுசாக இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டதா?

கார்டு மேல் பழி போடாதீர்கள். த்ரீடியில் முழுசாக இருக்கிறது என்றால் குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த வியூவின் அமைப்பில்தான் விஷயம். சரிவு எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்? ஒரு சதவீதம் என்றால்கூட 30 மீட்டர் போவதற்குள் குழாய் 300 மில்லிமீட்டர் இறங்கிவிடும். வியூ ரேஞ்சில் (எந்த உயரம் முதல் எந்த உயரம் வரை வியூ காட்டும் என்ற அமைப்பில்) பாட்டம் என்ற கீழ் எல்லையும், அதற்கும் கீழே எதுவரை தெரியும் என்று சொல்லும் வியூ டெப்த்தும் பூஜ்யத்திலேயே இருந்தால், குழாய் தளமட்டத்தைத் தாண்டிக் கீழே போகிற இடத்தில் மறைந்துவிடும். இரண்டையும் கீழே இறக்குங்கள். வியூ டெப்த்தை மட்டும் இறக்கினால் குழாய் வரும், ஆனால் 'பியாண்ட்' (பாட்டத்துக்குக் கீழே இருப்பவற்றுக்கான) கோட்டு வகையில் வரும். அப்புறம் "கோடு ஏன் வேறு மாதிரி இருக்கிறது" என்று இன்னொரு கேள்வி கேட்பீர்கள்.

ரேஞ்ச் சரியாக இருந்தும் தெரியவில்லையா? வியூவின் டிசிப்ளினை (அது எந்தத் துறைக்கான வியூ என்ற அமைப்பை) பாருங்கள். ஆர்க்கிடெக்சுரல் என்று இருந்தால் தளம் குழாயை மூடிவிடும். ப்ளம்பிங் என்று மாற்றினால் குழாய் மேலே வரும், கட்டடம் மங்கலாகப் பின்னால் போகும்.

அமைப்பை மாற்றப் போனால் எல்லாம் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடக்கிறது.

காரணம் வியூ டெம்ப்ளேட் (பல வியூக்களுக்குப் பொதுவான அமைப்புத் தொகுப்பு). அதைத் திறந்து அங்கே மாற்றுங்கள். அதே டெம்ப்ளேட்டில் இருக்கும் மற்ற வியூக்களும் சேர்ந்து மாறும், அணித் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இரட்டைக் கோடாக இருந்த குழாய்கள் ஒற்றைக் கோடாகிவிட்டன. வால்வு சிலவற்றைக் காணவே இல்லை.

டீடெயில் லெவலை (எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்ற நிலையை) யாரோ ஃபைனிலிருந்து மீடியத்துக்கு மாற்றியிருப்பார்கள். ஃபைனில்தான் குழாய் இரட்டைக் கோடாக வரும். வால்வு கதை வேறு: அந்த வால்வின் ஃபேமிலியை (மாதிரிக் கோப்பை) செய்தவர் அதன் வடிவத்தை ஃபைனில் மட்டும் தெரியும்படி வைத்துவிட்டு, மற்ற நிலைகளுக்குக் குறியீடு வரையாமல் விட்டிருப்பார். ஃபேமிலியைத் திறந்து கோட்டுக் குறியீடு சேர்த்தால்தான் தீரும்.

ஜூம் செய்யும்போது விளிம்புகள் நடுங்குகின்றன, வளைவுகள் மூலை மூலையாக உடைகின்றன.

உண்மையிலேயே திரைக் கோளாறு என்று சொல்லத்தக்கது இதுதான். முதலில் ஆப்ஷன்ஸில் ஹார்டுவேர் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (திரையில் வரைவதைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் விடும் வசதியை) அணைத்துவிட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் கார்டின் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு அந்த வசதியை மறுபடி போடுங்கள். அணைத்தும் நடுங்கினால், மாடல் உள் ஆரம்பப் புள்ளியிலிருந்து (இன்டர்னல் ஆரிஜின், ரெவிட் எல்லாவற்றையும் அளக்கத் தொடங்கும் புள்ளி) எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்று பாருங்கள். சுமார் 16 கிலோமீட்டருக்கு மேல் போனால் ரெவிட்டின் துல்லியம் கெடும். பெரும்பாலும் நிஜ ஆயத்தொலைவுகளோடு இருக்கும் சர்வே வரைபடத்தை ஆரம்பப் புள்ளிக்கு ஆரம்பப் புள்ளி வைத்து இணைத்துவிட்டு, மாடலை அதன் பக்கத்தில் கட்டியிருப்பார்கள். மாடலை உள் ஆரம்பப் புள்ளிக்கு அருகே வையுங்கள், நிஜ ஆயத்தொலைவுகளை ஷேர்டு கோஆர்டினேட்ஸ் (மாடலை நிஜ இடத்தோடு பொருத்தும் அமைப்பு) பார்த்துக்கொள்ளட்டும்.

சிஸ்டத்துக்கு (குழாய்த் தொகுதிக்கு) நீலம் கொடுத்தேன், குழாய் பச்சையாகவே இருக்கிறது.

வியூவில் ஒரு ஃபில்டர் (குறிப்பிட்ட பொருள்களுக்கு மட்டும் தோற்றத்தை மாற்றும் விதி) இருக்கும். ஃபில்டர் கொடுக்கும் நிறம்தான் ஜெயிக்கும்.

குழாய்கள் குறுக்கே போகிற இடத்தில் கீழ்க் குழாயின் கோட்டில் இடைவெளி விழவில்லை.

மெக்கானிக்கல் செட்டிங்ஸில் ஹிடன் லைன் பக்கத்தில் மறைகோடு வரையும் டிக் இருக்கிறதா பாருங்கள். வியூ வயர்ஃப்ரேமில் (மறைவான கோடுகளும் தெரியும் முறையில்) இருக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் விழவில்லை என்றால், அங்கே ஒரு செக்‌ஷன் வெட்டிப் பாருங்கள். இரண்டு குழாயும் ஒரே உயரத்தில் ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டிருக்கலாம்.