ஸ்கொட்லாந்தின் தொழிலாளர் நகரமொன்றில் வளர்ந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? உங்கள் சிறுவயது எப்படி இருந்தது?

இருக்கிறேன். ஊர் மதர்வெல். கிளாஸ்கோவிலிருந்து தென்கிழக்கே, ரயிலில் அரை மணித்தியாலம்கூட ஆகாது. 1985இல் போய் இறங்கியபோது எனக்கு ஆறு வயது. அப்பாவுக்கு ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அதனால் எங்களைத் தொழிலாளர் குடும்பம் என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் தெருவில் மற்ற வீடுகளில் யாராவது ஒருவராவது 'கிரெய்க்'கில் இருந்தார். ரேவன்ஸ்கிரெய்க் உருக்காலையை ஊர்ச்சனம் அப்படித்தான் சொல்லும்.

போன முதல் கிழமையே ஒரு ராத்திரி, யன்னலுக்கு வெளியே வானம் செம்மஞ்சளாகப் பற்றிக்கொண்டது. எங்கேயோ எரிக்கிறாங்கள் என்று அம்மா எங்களை எழுப்பிச் சப்பாத்துப் போடச் சொன்னா. கொழும்பில் 1983 ஜூலையைக் கண்ணால் கண்டுவிட்டு வந்தவ அவ. தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது எதிர்வீட்டு அன்ரி இரவு உடுப்போடு வந்து ஏதோ சொன்னா. அப்பாவுக்கே பாதிதான் விளங்கியது. ஆலையில் உருகிய கசடை ஊற்றுகிறார்கள், அந்த வெளிச்சம் மேகத்தில் படுகிறது, இது தினம் நடப்பது, போய்ப் படுங்கோ என்பதுதான் விஷயம். பிறகு பல வருடம் அந்த வெளிச்சத்தில்தான் நான் போர்வைக்குள் கொமிக்ஸ் வாசித்தேன்.

ஊர்ப் பாஷை தனி. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய ஏலாது. பாண் துண்டுக்குப் பெயர் 'பீஸ்'. கடைக்குச் சாமான் வாங்கப் போவது 'மெசேஜஸ்'. குழந்தை 'வெய்ன்'. எந்த நிறச் சோடாவாக இருந்தாலும் அது 'ஜிஞ்சர்'. ஐர்ன் புரூ என்ற சோடாவின் வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அப்போது கடையில் காசு தருவார்கள், அந்தக் காசில்தான் எங்கள் பொருளாதாரம் ஓடியது. ஐஸ்கிறீம் வானின் மணி கேட்டதும் வீடு வீடாக வெறும் போத்தல் தேடி ஓடுவோம்.

ஒக்டோபர் கடைசியில் ஹலோவீன். விளக்குச் செய்ய அப்போது பூசணிக்காய் அல்ல, அங்கே டேர்னிப் என்று சொல்கிற கல்லுமாதிரிக் கிழங்கைக் கரண்டியால் குடைய வேண்டும். உள்ளங்கையில் கொப்புளம் வராமல் ஒருவரும் முடித்ததில்லை. உள்ளே மெழுகுதிரி ஏற்றினால் கிழங்கு வேகிற மணம் வரும், அதை இன்றைக்கும் என்னால் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியும். வீட்டுக்கு வீடு போனால் சும்மா இனிப்புத் தரமாட்டார்கள், பாட்டோ பகிடியோ ஏதாவது செய்துகாட்ட வேண்டும். எனக்கு ஆங்கிலப் பாட்டுத் தெரியாத முதல் வருடம் அம்மா சொல்லித்தந்த சாமிப் பாட்டை முழுக்கப் பாடினேன். ஒரு கிழவர் கடைசிவரை கேட்டுவிட்டு ஐம்பது பென்ஸ் தந்தார். அடுத்த வருடமும் அதையே பாடினேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிடாமல் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்ட பெடியன்களும் இருந்தார்கள். 'செல்டிக்கா, ரேஞ்சர்ஸா?' என்று கிளாஸ்கோவின் இரண்டு கால்பந்து அணிகளைச் சொல்லிக் கேட்கிற கேள்வியும் இருந்தது. அது பந்தைப் பற்றிய கேள்வி அல்ல, நீ கத்தோலிக்கனா, புரட்டஸ்தாந்தா என்று கேட்கிறார்கள். எங்கள் ஊர் அணியான மதர்வெல் என்று சொல்லித் தப்பலாம் என்பதை ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். தப்புவதற்காகத் தொடங்கியது பிறகு பைத்தியமாகவே ஆகிவிட்டது.

ஆனால் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது ஹொக்மனே கதையைத்தான். டிசம்பர் 31 இரவு. பன்னிரண்டு அடித்த பிறகு வீட்டு வாசலுக்குள் முதலில் கால் வைப்பவர் கறுத்த முடி உள்ள ஆணாக இருந்தால் அந்த வருடம் வீட்டுக்கு நல்லது. பொன்னிற முடிக்காரர் வந்தால் ஆகாது. அந்தக் காலத்தில் கொள்ளையடிக்க வந்த வைகிங்குகள் பொன்னிற முடிக்காரர் என்று காரணம் சொல்வார்கள். வருகிறவர் வெறுங்கையோடு வரக்கூடாது, கையில் ஒரு துண்டு நிலக்கரி வேண்டும். எங்கள் தெருவில் பாதிப்பேர் செம்பட்டை. அப்பாவின் தலையோ நல்லெண்ணெய் வைத்துப் படிய வாரிய கன்னங்கரிய தலை. முதல் வருடமே எதிர்வீட்டு அன்ரி கண்டுபிடித்துவிட்டா.

31ஆம் திகதி பின்னேரம் செய்தித்தாளில் சுற்றிய கரித்துண்டைக் கொண்டுவந்து அப்பாவிடம் தருவா. நள்ளிரவு அப்பா அதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போய் அவவிடமே கொடுப்பார். அவ வீட்டில் அடுப்பு எரிவாயு அடுப்பு, கரிக்கு வேலையே இல்லை. அதனால் அது தகர டின்னுக்குள் போய்விடும், அடுத்த டிசம்பரில் அதே கரி திரும்ப வரும். மூன்றாம் வருடம் ஆகும்போது அப்பாவுக்கு ஏழு வீடு. குடிக்காத மனுசன் என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் ஷோர்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட் தின்று, விடிய இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். என்னை நிறம் சொல்லிக் கூப்பிட்ட பெடியன் ஒருவனுடைய அம்மம்மாவும் ஆள் அனுப்பினா. போகாதேங்கோ என்று நான் அழுதேன். அப்பா போனார்.

கரியைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய வாழ்த்து ஒன்று உண்டு: 'லாங் மே யர் லம் ரீக்'. உங்கள் வீட்டுப் புகைபோக்கி நெடுங்காலம் புகையட்டும். அப்பா அதைக் குளியலறையில் நின்று பாடமாக்குவார்.

1991 ஏப்ரலில் கிரெய்க்கின் தகட்டு ஆலையை மூடினார்கள். அடுத்த மாதம், மே 18, மதர்வெல் அணி ஸ்கொட்டிஷ் கோப்பையை வென்றது. டண்டீ யுனைடெட்டை மேலதிக நேரத்தில் 4-3. இரண்டு அணியின் பயிற்சியாளர்களும் அண்ணன் தம்பி. 1952க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை, ஊரெல்லாம் கருஞ்சிவப்பும் மஞ்சளும். எதிர்வீட்டு அங்கிள் தெருவில் நின்று என்னைத் தோளில் தூக்கினார், எனக்குப் பன்னிரண்டு வயது, அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. 1992 ஜூன் 24 மிச்ச ஆலையும் நின்றது. அன்றிரவு வானம் கறுப்பாக இருந்தது, எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த டிசம்பரிலும் அன்ரி கரியைக் கொண்டுவந்து தந்தா. இந்த முறை அந்த வாழ்த்தைச் சொல்வதா விடுவதா என்று அப்பாவும் அம்மாவும் குசினியில் கனநேரம் கதைத்தார்கள். நள்ளிரவு நானும் கூடப் போனேன். கதவைத் திறந்தது அங்கிள். அப்பா கரியை நீட்டினார், 'லாங் மே யர்' வரைக்கும் வந்து நின்றுவிட்டார்.

"லம் ரீக்," என்று அங்கிளே முடித்தார். "சொல்லு மனுசா, எங்கட வீட்டுப் புகைபோக்கியை அவங்கள் இன்னும் மூடவில்லை." பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். அன்ரி செய்தித்தாளைப் பிரித்துக் கரியை எடுத்து டின்னுக்குள் போட்டு மூடினா.