அரசு வேலை மாறும்போது பழைய சர்வீஸ் என்னவாகும்?

எஸ்எஸ்சி எனப்படும் மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நடத்தும் சிஎச்எஸ்எல் தேர்வு எழுதி எழுத்தராகச் சேர்ந்த பிள்ளைக்கு, மூன்று வருஷம் கழித்து பட்டதாரிகளுக்கான சிஜிஎல் தேர்வில் இன்ஸ்பெக்டர் பதவி கிடைக்கிறது. வீட்டில் சந்தோஷத்தோடு ஒரு கவலையும் வருகிறது. முதல் வேலையில் இருந்த மூன்று வருஷம் பென்ஷன் கணக்கில் போய்விடுமா? போனால் பின்னால் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். சில நாடுகளில் விட்டுப்போன பணிக்காலத்துக்குப் பணம் கட்டி அதைப் பென்ஷனில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. நம் மத்திய அரசில் அப்படி விலைக்கு வாங்க முடியாது. பழைய சர்வீஸ் நிற்பதும் போவதும் எந்த வகையில் ராஜினாமா செய்தோம் என்பதைப் பொறுத்தது. "பணம் கொடுத்தால் சர்வீஸைச் சேர்த்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விதி இதுதான். ராஜினாமா செய்தால் அதுவரையிலான பணிக்காலம் முழுவதும் பறிபோகும். உரிய அனுமதியோடு இன்னொரு அரசுப் பணியில் சேருவதற்காகச் செய்த ராஜினாமா மட்டும் விலக்கு. 1972-ஆம் ஆண்டு பென்ஷன் விதிகளில் இது 26-ஆவது விதி. 2021-இல் வந்த புதிய விதிகளிலும் இதே ஏற்பாடு தொடர்கிறது. அலுவலகங்களில் இதை டெக்னிக்கல் ரெசிக்னேஷன் (தொழில்நுட்ப ராஜினாமா) என்பார்கள். மத்தியப் பணியாளர் துறை 17.8.2016 அன்று வெளியிட்ட குறிப்பாணையில் நடைமுறை முழுவதும் தொகுக்கப்பட்டிருக்கிறது. எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் யாராவது "அப்படியெல்லாம் கிடையாது" என்றால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள், பேச்சு சுருக்கமாக முடியும்.

வேலையில் இருந்துகொண்டே விண்ணப்பித்தால் துறை வழியாக அனுப்பவேண்டும், அல்லது அத்தேர்வின் விதிப்படி துறைக்குத் தெரிவித்து என்ஓசி (ஆட்சேபனையின்மைச் சான்று) வாங்கியிருக்கவேண்டும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளின் நிலை வேறு. சிஜிஎல்லுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும்போதுதான் சிஎச்எஸ்எல் ஆணை வந்து சேர்ந்திருப்பார்கள். இவர்களுக்கும் சலுகை உண்டு, மூன்று நிபந்தனைகளோடு. வேலையில் சேர்ந்தவுடனே, ஏற்கெனவே விண்ணப்பித்த தேர்வுகளின் விவரத்தை எழுத்தில் தெரிவித்திருக்கவேண்டும். ராஜினாமா செய்யும்போது, முன்பே விண்ணப்பித்த அந்தப் பதவிக்காகத்தான் விலகுகிறேன் என்று குறிப்பிட்டுக் கேட்கவேண்டும். விண்ணப்பித்த நாளில் பணியில் இருந்திருந்தால் இந்த விண்ணப்பத்தை அனுப்பியிருப்போம் என்று ராஜினாமாவை ஏற்கும் அதிகாரி திருப்தி அடையவேண்டும்.

முதல் நிபந்தனையில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். புதிதாகச் சேர்ந்த வாரத்திலேயே "இன்னும் நாலு தேர்வு எழுதியிருக்கிறேன்" என்று சொன்னால் மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற கூச்சம். கூச்சப்பட வேண்டாம், எல்லா அலுவலகத்துக்கும் பழகிப்போன கடிதம் அது. தேர்வின் பெயர், பதிவு எண், விண்ணப்பித்த தேதி, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது ராஜினாமாக் கடிதம். இணையத்தில் கிடைக்கும் மாதிரியை நகலெடுத்து "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி மொத்த சர்வீஸையும் காவு வாங்கிவிடும். எழுதவேண்டியது இந்த மாதிரி: "இன்ன தேர்வின் மூலம் இன்ன துறையில் இன்ன பதவிக்கு இன்ன எண்ணுள்ள ஆணையின்படி தேர்வாகியுள்ளேன். அப்பணியில் சேருவதற்காக என் ராஜினாமாவைத் தொழில்நுட்ப ராஜினாமாவாக ஏற்று, கடந்த பணிக்காலப் பலன்களோடு விடுவிக்க வேண்டுகிறேன்." பணி நியமன ஆணையின் நகலை இணையுங்கள். ரிலீவிங் ஆர்டரிலும் அதே சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அலுவலகத்தை விட்டு இறங்கவேண்டும். "ராஜினாமா ஏற்கப்பட்டது" என்று மொட்டையாக இருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். வருஷங்கள் போனபின் அந்தக் கோப்பைத் தேடுவது லேசான காரியமல்ல.

விடுவிப்புக்கும் புதிய இடத்தில் சேர்வதற்கும் நடுவே விழும் இடைவெளியையும் கவனியுங்கள். வேறு ஊர் என்றால், விதிப்படி அனுமதிக்கப்படும் சேரும் காலத்துக்குள் அது அடங்கவேண்டும்: 1000 கிலோமீட்டர் வரை 10 நாள், அதற்கு மேல் 12, 2000-ஐத் தாண்டினால் 15. உள்ளூரிலேயே மாறுவதென்றால் ஒரு நாள்தான். "நடுவில் ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டுச் சேர்கிறேன்" என்ற யோசனையே வேண்டாம். ஓய்வு வேண்டுமென்றால் பழைய வேலையில் இருக்கும்போதே லீவு போட்டுவிட்டு, பிறகு விடுவித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவு மெனக்கெட்டு என்ன கிடைக்கும் என்பது வயதைப் பொறுத்தது. 25 வயதில் மாறும் பிள்ளைக்குப் புதிய வேலையிலேயே 35 ஆண்டு இருக்கிறது. ஓய்வுக்காலப் பணிக்கொடை 33 ஆண்டோடு உச்சத்தைத் தொட்டுவிடும். யுபிஎஸ் என்ற ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டத்தில் முழுப் பென்ஷனுக்கு 25 ஆண்டு போதும். ஆகவே மூன்று வருஷம் போனால் பென்ஷனே போச்சு என்று கலங்கவேண்டியதில்லை. இளையவர்களுக்குப் பலன் வேறு இடத்தில் இருக்கிறது: சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பு கூடவே வரும், ஊதியப் பாதுகாப்பு (பழைய சம்பளம் குறையாமல் நிர்ணயிப்பது) கேட்கலாம். பணியில் இருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்குக் கிடைக்கும் பணிக்கொடையும் மாறும். ஓராண்டுக்குக் குறைந்த சர்வீஸுக்கு 2 மாத ஊதியம்; ஒன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் 6 மாதம். சீனியாரிட்டி மட்டும் கூட வராது, புதிய துறையில் கடைசியிலிருந்துதான்.

38 வயதில் மாறுகிறவருக்குக் கணக்கே வேறு. பழைய வேலையில் 8 ஆண்டு, புதியதில் 60 வயது வரை 22 ஆண்டு என்று வையுங்கள். யுபிஎஸ்ஸில் இருக்கிறார், கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியம் ₹1,00,000. பழைய 8 ஆண்டு சேர்ந்தால் 30 ஆண்டாகி முழு 50 சதவீதம், அதாவது ₹50,000. சேராவிட்டால் 25 ஆண்டுக்கான 300 மாதத்துக்கு 264 மாதம்; 44 சதவீதம், ₹44,000. மாதம் 6,000 குறைகிறது, அதன்மேல் வரும் அகவிலை நிவாரணமும் குறைகிறது. பணிக்கொடையோ ஒவ்வொரு முழு ஆறு மாதத்துக்கும் கால் மாத ஊதியம்: 30 ஆண்டுக்கு 15 மாதம், 22 ஆண்டுக்கு 11 மாதம். அகவிலைப்படி 50 சதவீதம் என்று வைத்தால் அந்த 4 மாத வித்தியாசம் ₹6 லட்சம்.

இங்கே இன்னொரு பொறி. விலகும் சமயத்தில் என்பிஎஸ் (தேசிய பென்ஷன் திட்டம்) பணத்தை எடுத்து, பிரான் எனப்படும் நிரந்தரக் கணக்கு எண்ணில் உள்ள கணக்கை மூடிவிடக் கூடாது. பிரான் ஆளோடு போவது. புதிய அலுவலகத்தில் அதே எண்ணைக் கொடுத்து மாற்றிக்கொள்ளவேண்டும். வேறு பிரிவுக்கு, உதாரணமாக மாநில அரசிலிருந்து மத்திய அரசுக்கு, மாறினால் ஐஎஸ்எஸ்-1 படிவம். யுபிஎஸ்ஸில் பணிக்காலம் மட்டும் பார்ப்பதில்லை. கணக்கில் இருக்கவேண்டிய அளவுத் தொகை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உங்கள் தொகை அதைவிடக் குறைந்தால் பென்ஷனும் அந்த விகிதத்தில் குறையும். குறையும் தொகையைக் கையிலிருந்து கட்டி ஈடுசெய்ய வழி இருக்கிறது. பணம் கட்டிப் பென்ஷனைச் சரிசெய்வது என்று நம்மிடம் இன்று ஏதாவது உண்டென்றால் இதுதான்.

தமிழ்நாடு அரசுப் பணியிலிருந்து மத்திய அரசுக்குப் போகிறவர்கள் தனியாக விசாரிக்கவேண்டும். 1.4.2003 முதல் இங்கே வந்த சிபிஎஸ் (பங்களிப்புப் பென்ஷன் திட்டம்), என்பிஎஸ்ஸை மேற்பார்வையிடும் பிஎஃப்ஆர்டிஏ ஆணையத்தில் சேராமல் தனியாக நடத்தப்பட்டது. அதன் எண்ணும் பிரானும் ஒன்றல்ல. பொதுத்துறை வங்கி ஊழியர்களும் கவனிக்கவேண்டும்: வங்கி என்பது அரசுத் துறை ஆகாது. அங்கே இருந்த ஆண்டுகளைப் பென்ஷனில் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வேலை மாறவேண்டாம்.

அப்பா முன்னாள் ராணுவத்தினர் என்றால் "நான் பணம் திருப்பிக் கட்டி சர்வீஸைச் சேர்த்தேனே" என்பார். அவர் சொல்வதும் நிஜம்தான். 1972 விதிகளின்படி, ராணுவப் பென்ஷனை நிறுத்தி, வாங்கிய பென்ஷன், கம்யூட்டேஷன் தொகை (பென்ஷனின் ஒரு பகுதிக்குப் பதிலாக மொத்தமாக வாங்கியது), பணிக்கொடை எல்லாவற்றையும் அதிகபட்சம் 36 தவணையில் திருப்பிக் கட்டினால் ராணுவச் சேவை சிவில் பென்ஷனில் சேரும். 1.1.2004-க்குப் பின் சிவில் வேலையில் சேர்ந்து என்பிஎஸ்ஸுக்குள் வந்தவருக்கு அந்தப் பேச்சே எழுவதில்லை.

புதிய அலுவலகத்தில் சேர்ந்த பின் ஒரே வேலை பாக்கி. பழைய சர்வீஸ் புக் வந்து சேர்ந்ததா, லீவு இருப்பு ஏறியதா, முந்தைய பணிக்காலம் சரிபார்க்கப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறதா என்று மூன்று நான்கு மாதத்துக்குள் நேரில் பார்த்துவிடவேண்டும். தகுதிப் பணிக்காலத்தை முறையாகச் சரிபார்த்துச் சான்று தருவது 18 ஆண்டு முடிந்ததும் ஒருமுறை, ஓய்வுக்கு 5 ஆண்டு முன்பு ஒருமுறை. அதுவரை பதிவேட்டில் உள்ள ஓட்டை யார் கண்ணிலும் படாது. என்ஓசி, நியமன ஆணை, ராஜினாமாக் கடிதத்தின் முத்திரையிட்ட நகல், ரிலீவிங் ஆர்டர், கடைசி ஊதியச் சான்று ஆகிய ஐந்தையும் ஸ்கேன் செய்து, அசலை வீட்டில் ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள்.