பிரவுசர் சான்றிதழ்களை நிரல் வழியே கையாளுதல்: கேள்வி பதில்

மன்னார்குடி, கூட்டுறவுச் சங்கக் கணினிப் பொறுப்பாளர்: எங்கள் உள் சர்வருக்கு நாங்களே ரூட் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு நம்பிக்கை தரும் மூலச் சான்றிதழ்) உருவாக்கியுள்ளோம். 20 கணினிகளின் ஃபயர்பாக்ஸிலும் அதைக் கையால் சேர்க்காமல் ஸ்கிரிப்ட் மூலம் சேர்க்க இயலுமா, ஐயா?

இயலும். ஃபயர்பாக்ஸ் தன் சான்றிதழ்களைப் பயனரின் புரொஃபைல் கோப்புறையில் 'செர்ட்9.டிபி' என்னும் கோப்பில் வைத்திருக்கிறது. பிரவுசரை மூடிய பின், ஃபயர்பாக்ஸ் பயன்படுத்தும் பாதுகாப்பு நிரல் தொகுப்பான என்எஸ்எஸ்ஸிலுள்ள 'செர்ட்யூட்டில்' கருவியைக் கொண்டு அக்கோப்பில் எழுதலாம்; விண்டோஸில் இதே பெயரில் வேறொரு கருவி இருப்பதால் குழம்ப வேண்டாம். சேர்க்கும்போது இணையத்தளம், மின்னஞ்சல், மென்பொருள் கையொப்பம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே நம்பிக்கைக் குறி கேட்கப்படும். முதலாவதற்கு மட்டும் 'சி' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தை இட்டு, மற்ற இரண்டையும் வெறுமையாக விடுங்கள். மூன்றிலும் இடும் பழக்கம் பரவலாக உள்ளது. அதற்கு எந்தத் தேவையும் இல்லை.

ஆயினும் இத்தனை கணினிகளுக்கு நான் பரிந்துரைப்பது, ஃபயர்பாக்ஸுக்கு நிர்வாகியின் விதிகளைச் சொல்லும் 'பாலிசிஸ்.ஜேசன்' கோப்பையே. ஃபயர்பாக்ஸ் நிறுவப்பட்ட இடத்தின் 'டிஸ்ட்ரிபியூஷன்' கோப்புறையில் அதை வைத்துச் சான்றிதழைக் குறிப்பிட்டுவிட்டால், நாளை புதிய பயனர் வந்தாலும் அது தானாகச் சேர்ந்துவிடும். உங்கள் ரூட்டின் தனிச்சாவியை (அதன் பெயரில் கையொப்பமிடப் பயன்படும் ரகசியச் சாவியை) மட்டும் வலைப்பின்னலில் இல்லாத கணினியில் பூட்டி வையுங்கள். அது கைமாறினால், அந்த 20 கணினிகளிலும் எந்த வங்கியின் பெயரிலும் போலித் தளம் காட்ட முடியும்.

தஞ்சாவூர், பொறியியல் மாணவி: ரூட்டைச் சேர்த்த பிறகும் குரோம் பெயர் பொருந்தவில்லை என்கிறதே?

2017இல் வந்த 58ஆம் பதிப்பு முதல் குரோம், தளத்தின் பெயரைச் சரிபார்க்கச் சான்றிதழின் 'காமன் நேம்' புலத்தைப் பார்ப்பதில்லை. சர்வரின் பெயரை 'சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்' பகுதியில் எழுதி, சர்வர் சான்றிதழை மட்டும் மறுபடி உருவாக்குங்கள்.

திருவாரூர், ஒப்பந்ததாரர் அலுவலகம்: மேட்டூர் திறக்குமுன் முடிக்க வேண்டிய தூர்வாரும் பணிகளுக்கு மின் ஒப்பந்தப்புள்ளி அனுப்புகிறோம். டோக்கனிலுள்ள டிஎஸ்சியை (மின்னணுக் கையொப்பச் சான்றிதழை) மூன்று கணினிகளுக்கும் நகலெடுக்க நிரல் உண்டா?

இல்லை. தனிச்சாவி வெளியே வரக் கூடாது என்பதற்காகவே அது யூஎஸ்பி டோக்கனில் தரப்படுகிறது. நிரலால் செய்யக்கூடியது, டோக்கனுடன் பிரவுசர் பேச உதவும் பிகேசிஎஸ்11 மாட்யூலை ஒவ்வொரு கணினியிலும் பதிவு செய்வது மட்டுமே. ஃபயர்பாக்ஸில் அதற்கு என்எஸ்எஸ்ஸின் 'மாட்யூட்டில்' கருவி போதும். டோக்கனைத் திறக்கும் ரகசிய 'பின்' எண்ணை ஸ்கிரிப்டுக்குள் எழுதாதீர்கள். டோக்கனை ஆடிட்டர் அலுவலகத்திலேயே நிரந்தரமாக விட்டுவைக்கும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. அது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தைக் கொடுத்து வைப்பதற்கு ஒப்பாகும்.

கும்பகோணம், பாத்திரக்கடை இணையத்தளத்தை நடத்துபவர்: எங்கள் தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட், வாடிக்கையாளரின் பிரவுசரில் சான்றிதழைச் சேர்க்குமா?

சேர்க்காது, சேர்க்கவும் கூடாது. உங்கள் தளத்துக்குப் பொதுச் சான்றிதழ் பெற்றாலே போதும், லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகத் தருகிறது. பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம் கருவியில், சான்றிதழ் பிழையைப் பொருட்படுத்தாத 'அக்செப்ட் இன்செக்யூர் செர்ட்ஸ்' என்ற அமைப்பைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: அரசு உரிமம் பெற்ற அமைப்பின் சான்றிதழைப் பிரவுசர் அப்படியே ஏற்க வேண்டாமா?

உரிமம் ஒன்றை மட்டும் பார்த்து ஏற்கக் கூடாது. 2014 ஜூலையில், தேசியத் தகவல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் தளப் பெயர்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது கண்டறியப்பட்டது. அப்பிரிவுக்கு அடிப்படையான இந்திய ரூட் விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்ததால், மைக்ரோசாஃப்ட் அச்சான்றிதழ்கள் மீதான நம்பிக்கையை அவசரமாக விலக்க நேர்ந்தது. தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்பாக்ஸில் அந்த ரூட்டே இல்லாததால், அதற்குப் பாதிப்பு ஏற்படவில்லை.